நங்கூரம் பிடிக்கும் மண்

ஒரு சொப்பிங் பை நிறைய மண்ணை மடியில் வைத்துக்கொண்டு மாமா யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்த கோலம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மாமா என்றால் என் மனைவியின் தகப்பனார். குருநகரில் பிறந்து கடலில் உழைத்த மனிதர். வாழ்க்கையில் முதன்முறையாகக் காணி வாங்கப் போகிற பெருமை அவருக்குத் தாங்கவில்லை. தென்மராட்சியில் கடல்நீரேரிக் கரையோரமாக ஒரு காணி பார்த்து, அதன் மண்ணைக் கையோடு கிண்டி எடுத்து வந்திருந்தார்.

"இஞ்சை பாரும் தம்பி," என்று ஒரு கட்டியை என் கையில் வைத்தார். சாம்பல் நிறக் களிமண். கோடை வெயிலில் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. "இப்பிடி மண்ணிலை நங்கூரம் போட்டால் புயலடிச்சாலும் வள்ளம் அசையாது. வீடு அசையுமோ?"

அவருடைய பழைய வீடு பள்ளத்தில் இருந்தது. மாரி பிறந்தால் அறைக்குள் தண்ணீர் வந்துவிடும். மாமி இருந்தவரை அடுப்பை மேசைமேல் ஏற்றித்தான் சமைத்தாராம். ஒரு மாரியாவது ஈரமில்லாத தரையில் இருந்துவிட்டுச் சாகவேண்டும் என்று மாமா வெளிப்படையாகவே சொல்வார். அதற்காகத்தான் வள்ளத்தை விற்றார். இந்தக் காணி சரிவராமல் போனால் விற்பதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

நான் தெல்லிப்பழையில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. செம்மண்ணைத் தவிர மற்றதெல்லாம் மண்ணே இல்லை என்கிற திமிர் எங்கள் ஊராருக்குப் பிறவியிலேயே உண்டு. எனக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. காணியைப் போய்ப் பார்த்தபோது நிலம் முழுவதும் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. மாமாவுக்குக் காட்டினேன். "வெய்யிலுக்கு வெடிக்காதது என்ன இருக்கு? உங்கடை ஊரிலை மண்ணுக்குக் கீழை முழுக்கக் கல்லு. கல்லிலை நங்கூரம் நிண்டதை எங்கையாவது கண்டிருக்கிறீரோ?" என்று மடக்கினார். நங்கூரத்துக்கு நான் எங்கே போவது?

அச்சாரம் கொடுக்கப் போன அன்று, முதல் நாள் பெய்த மழையில் வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. எங்கள் ஓட்டோ காணிக்குள் இறங்கியதும் சில்லுப் புதைந்தது. மாமா இறங்கித் தள்ளினார். கால் மேலே வந்தது, செருப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி பக்கத்துக் காணியைக் காட்டினாள். "அப்பா, உந்த மதிலைப் பாருங்கோ." புது மதில்தான்; படிக்கட்டுப் போலக் குறுக்கே பிளந்திருந்தது. மாரியில் ஊறிப் பருத்துக் கோடையில் சுருங்கும் மண், மேலே இருப்பதையும் தன்னோடு ஆட்டி வைக்கிறது. நான் அதை விளக்க வாயெடுக்கும் முன்பே மாமா சேற்றைப் பார்த்தபடி சொன்னார்:

"சேறு நங்கூரத்தை மட்டுமோ பிடிக்கும்? வள்ளத்தையும் சேர்த்தல்லோ பிடிக்கும்."

கொடுக்காத அச்சாரக் காசை மகளின் கையில் திணித்துவிட்டு ஓட்டோவில் ஏறினார். வீட்டு ஆசையையே விட்டுவிடுவாரோ என்று எனக்கு மனம் கலங்கியது.

எங்கள் ஊரில் யாரும் சீண்டாத ஒரு துண்டு நிலம் கிடந்தது. கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெங்காயம் நட மண் போதாது என்பதால் எங்கள் ஆட்கள் அதைக் காணிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நானும் அப்படித்தான்; கொஞ்சம் வெட்கத்தோடுதான் அதைக் காட்டினேன். மாமா என் கையிலிருந்த அலவாங்குக் கம்பியை வாங்கி இடம் மாற்றி மாற்றிக் குத்தினார். கல்லுக்குக் கீழே பொந்து இருந்தால் சத்தம் வேறாகக் கேட்கும் என்று நான் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு குத்துக்கும் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். ஊற்றிய தண்ணீரைக் காணோம்.

"குடிச்சிட்டுது," என்று சிரித்தார். "நங்கூரம் இஞ்சை நிக்காதுதான். காரியமில்லை, நான் இனி எங்கை போறது?"

அடுத்த மாரிக்கு முன் சிறிதாக ஒரு வீடு எழும்பியது. முதற் பெருமழை பெய்து முடிந்த விடியற்காலை தேத்தண்ணீரோடு அவர் அறைக்குப் போனேன். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஒரு காலை மெல்லத் தொங்கவிட்டு, பெருவிரலால் தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார். விரல் தரையில் பட்டது. மற்றக் காலையும் இறக்கி, இரண்டு உள்ளங்காலையும் பதித்து அப்படியே இருந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று.

அந்த வீட்டில் சில மாரிகள் இருந்துவிட்டுத்தான் மாமா போனார். இப்போது அந்த அறை எங்கள் மகளுடையது. போன மாரியில் இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பியபோது, அவள் கட்டிலிலிருந்து இரண்டு காலாலும் தொப்பென்று குதித்தாள். கீழே பார்க்கவே இல்லை.