ஏழு டப்பாவில் ராத்திரிச் சாப்பாடு

கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால், நிர்வாகத்துக்கு இடையூறு இல்லாதபட்சத்தில், இயன்றவரை இருவரையும் ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ பணியமர்த்த வேண்டும். இப்படி ஒரு விதி உண்டு. எத்தனையோ பேருக்காக நானே இதை மேற்கோள் காட்டிக் குறிப்பு எழுதியிருக்கிறேன். ‘இயன்றவரை’ என்ற சொல்லை அதில் சேர்த்தவர் கட்டாயம் மாமியார் வீட்டோடு இருந்தவராகத்தான் இருக்க வேண்டும். போகட்டும். அந்த விதி எனக்குச் சரியான நேரத்தில் பொருந்தியிருந்தால், இன்றைக்கு எனக்குச் சமைக்கத் தெரிந்திருக்காது.

இதைச் சொல்லக் காரணம் என் மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். நேற்று மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள்.

“அப்பா, இப்பத்தான் வந்தேன். வீட்டுல ஒண்ணுமே இல்லப்பா. சட்டுன்னு என்ன செய்யலாம்?”

“ஒண்ணுமே இல்லைங்கறதெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா? அலமாரியத் தெற. மேல் தட்டுலருந்து வரிசையாச் சொல்லு.”

“ரவை, கொஞ்சம் அவல், துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, புளி, பூண்டு, வத்தல்... அரிசி இருக்கு.”

“இதுக்குப் பேரு ஒண்ணுமே இல்லையா? இத வச்சு ஒரு வளைகாப்பையே முடிச்சிரலாம்.”

குக்கரில் அரிசியை வைக்கச் சொன்னேன். அது விசில் அடிப்பதற்குள் துவரம்பருப்பை வறுத்து, இரண்டு மிளகாய் வத்தல், நாலு பல் பூண்டு, உப்பு, ஒரு சுளை புளி வைத்துத் துவையல் அரைக்கச் சொன்னேன். கூட, அடுப்பே தேவைப்படாத பச்சைப்புளி ரசம். மொத்தம் இருபது நிமிடம். எழுதிக்கொண்டவள் கேட்டாள்: “நீங்க எங்கனப்பா இதெல்லாம் கத்துக்கிட்டீக?”

நான் பதில் சொல்லுமுன் கூடத்திலிருந்து என் மனைவி விஜயாவின் குரல் வந்தது. “கடமலைக்குண்டுல. கவர்மெண்டே சம்பளம் குடுத்துக் கத்துக்குடுத்தாக!”

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கும் பசித்ததால், அதே துவையலுக்குப் பருப்பை வாணலியில் போட்டேன். பூண்டு சிவந்து வாசனை கிளம்பியது. அதற்குப் பிறகு நான் எங்கள் வீட்டு அடுப்படியில் இல்லை.

கடமலைக்குண்டில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. விஜயா ஓடைப்பட்டிக்காரி, திராட்சைத் தோட்டத்து வீட்டுப் பெண். ஆசிரியை வேலை கிடைத்தது. கிடைத்த இடம் நாகப்பட்டினத்துக்கும் அப்பால், கடலோரம். நான் மலையடிவாரம், அவள் கடற்கரை. நடுவில் நான்கு பஸ்களும் ஒரு முழுப் பகலும். கைக்குழந்தை அவளிடம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் அங்கே போயிருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று இருந்தது.

பேச்சியக்கா வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். அறையில் பாதி காதருக்கு. காதர் கம்பத்துக்காரர், என் அலுவலகத்திலேயே வேறு இருக்கை. அவர் வீட்டார் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்கள் என்பதால் வாயில் மலையாளம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். என்னை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை, ‘சேட்டா’தான். ஊரில் சந்தை நாளில் வாங்குகிற காய் மூன்றாம் நாள் வதங்கிவிடும். மற்ற நாட்களில் பொழுது சாய்ந்து அலுவலகம் விட்டு வந்தால் அலமாரியில் இருப்பதுதான் சாப்பாடு.

முதல் வாரம் காய்ந்த மொச்சையை ஊறவைக்காமல் நேரே கொதிக்கவைத்தேன். ஊறவைக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. ஸ்டவ்வில் எண்ணெய் தீர்ந்தது, மொச்சை வேகவில்லை. காதர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“சேட்டா, பல்லு போனா மெடிக்கல் பில்லு பாஸ் பண்ணுவாகளா?”

“பல்லுக்கு உண்டு. மொச்சைக்குக் கிடையாது.”

காலாண்டு விடுமுறைக்கு வந்த விஜயா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பையிலிருந்து ஏழு டப்பாக்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். குழந்தை காலிசெய்த பால்மாவு டப்பாக்கள். ரவை, அவல், துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மொச்சை, புளி, வத்தல். சுவரில் ஆணி அடித்து வடுகபட்டிப் பூண்டு ஒரு கொத்தைத் தாளோடு தொங்கவிட்டாள். பிறகு வகுப்பெடுக்கிற குரலில் சொன்னாள்: “அடுப்பப் பத்தவச்ச பெறகு கடைக்கு ஓடக் கூடாது. இந்த ஏழுக்குள்ள இருக்குறதுதேன் சாப்பாடு. மொச்சைய மட்டும் காலையில ஊறப்போட்டுட்டு ஆபீசுக்குப் போங்க.”

எவ்வளவு கழுவியிருந்தும் டப்பாவைத் திறந்தால் ரவையோடு பால்மாவு வாசனை வரும். உப்புமாவுக்கு அது கெடுதல்தான். நான் மூடியைத் திறந்து சும்மா கொஞ்ச நேரம் நிற்பேன். “வண்டு இருக்கான்னு பாக்கீகளா?” என்பார் காதர். ஆமாம் என்பேன்.

பாடம் அதன்பின் தபாலில் நடந்தது. வாரம் ஓர் இன்லண்ட் கடிதம், அதில் ஒரு ராத்திரிச் சாப்பாடு. காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று பத்தி பிரிக்காமல் எழுதுவாள். நான் கடிதங்களுக்கு எண் போட்டு நூல் கோத்து வைத்திருந்தேன். ஸ்டவ் முன்னால் நான் உட்கார, காதர் உரக்க வாசிப்பார்.

“பூண்ட நல்லெண்ணெயில செவக்க விடுங்க, கருக விட்றாதீக. பாப்பாவுக்கு கீழ ரெண்டு பல்லு வந்திருச்சு. சேட்டா, பல்லு வந்திருச்சாம்! பெறகு புளிய ஊத்தி...”

“ஒரு நிமிசம். ரெண்டும் கீழயா?”

“கீழதேன். எண்ணெய் கருகுது, பாருங்க!”

பச்சைப்புளி ரசம் மட்டும் தபாலில் வந்ததல்ல. ஒரு நாள் மண்ணெண்ணெய் இல்லாமல் நாங்கள் இருவரும் விழித்துக்கொண்டிருந்தபோது பேச்சியக்கா எட்டிப் பார்த்துச் சொன்னது. “இதுக்கெதுக்குய்யா அடுப்பு? புளியக் கரைச்சு, சின்ன வெங்காயத்த நசுக்கிப் போட்டு, எங்க அடுப்புல வத்தலச் சுட்டுக் கிள்ளிப் போடு. அம்புட்டுத்தேன். படிச்ச ஆளுகதேன் பட்டினி கெடப்பாக!” நோன்பு மாதத்தில் காதரிடமிருந்து கஞ்சி கற்றேன். குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கை நிறையப் பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். அவர் தொழுதுவிட்டு வருமுன் நான் அதை இறக்கிவைக்கும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. அதில் சாப்பாடு எதுவும் இல்லை.

மாமனாருக்கு உடம்பு சரியில்லை. மாமியார் கோடை விடுமுறையோடு ஓடைப்பட்டிக்குத் திரும்பியாக வேண்டும். ‘சூன்ல பள்ளிக்கூடம் தெறக்கைல நானும் பாப்பாவும் மட்டுந்தான். அதுக்குள்ள மாறுதல் வந்தா அங்கன வந்து வேலை பார்க்கிறேன். வரலைன்னா வேலைய விட்டுட்டு வர்றேன். பாப்பாவ யாரோ ஒருத்தர்கிட்ட விட்டுட்டுப் போக என்னால ஆகாது.’ தகுதிகாண் பருவம் முடியாதவளுக்கு நீண்ட விடுப்புக்கு வழியில்லை. அது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மனுவைத் தலைமையாசிரியர் மூலம் அனுப்பத் தயாராக வைத்திருந்தாள். ஒரே ஓர் இணைப்புதான் பாக்கி: கணவன் இன்ன ஊரில் வேலை பார்க்கிறான் என்று என் அலுவலகம் தரவேண்டிய சான்று.

அந்தச் சான்றைத் தயாரித்து மேலாளரின் கையெழுத்துக்கு வைக்கும் இருக்கை எது என்கிறீர்கள்? என்னுடையது.

தன் சம்பந்தப்பட்ட தாளை ஒருவன் தானே நடத்தக் கூடாது. இது நான் மதித்த விதி. ஆகவே என் விண்ணப்பத்தை முறைப்படி பதிவேட்டில் ஏற்றி, எனக்கு மாற்றாகக் குறிக்கப்பட்ட பக்கத்து இருக்கைக்கு அனுப்பிவைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மஞ்சள்காமாலையில் விடுப்பில் இருந்தார். திரும்பி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம்தானே என்று நினைத்தேன்.

காதர் என் மேசைக்கு வந்தார். “குடுங்க சேட்டா. நான் எழுதி மேனேஜர்ட்டக் கையெழுத்து வாங்கியாறேன். அஞ்சு நிமிசம்.”

“அது ஒங்க சீட்டு இல்லையே.”

“உங்க பொஞ்சாதிக்குத்தானய்யா எழுதுறேன், ஊரான் பொஞ்சாதிக்கா?”

“நாளைக்கு ஆடிட்ல ஒரு கேள்வி வந்தா?”

“வந்தா, புருசனும் பொஞ்சாதியும் சேர்ந்திருக்க ஆசைப்பட்டாகன்னு பதில் எழுதுங்க!”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. நான் மறுத்துவிட்டேன். அன்று மாலை அவல் உப்புமா செய்தேன். காதர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். அதன்பின் சில நாட்கள் என்னைச் ‘சார்’ என்று கூப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சான்று புறப்பட்டது. அது கடற்கரைக்குப் போய், மனுவோடு சேர்ந்து மேல் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள், பள்ளிக்கூடம் திறக்குமுன் போடும் மாறுதலுக்கான பட்டியலை மூடிவிட்டார்கள். ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி போட்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. அந்த வரியை எத்தனை பேருடைய மனுவில் நானே போட்டிருப்பேன்.

ஜூன் தொடக்கத்தில் விஜயா ஒரு டிரங்குப் பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். காதர் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தார். அன்று நான் காலையிலேயே மொச்சையை ஊறப்போட்டிருந்தேன். சோறு வடித்து, பூண்டும் மொச்சையும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். அவள் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சர்டிபிகேட்ட என்னைக்கு அனுப்புனீக?”

சொன்னேன். பக்கத்து இருக்கை, காமாலை, காதர் வந்து கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். பிறகு விரல்களை மடக்கிக்கொண்டு, “குழந்தைக்குக் காரம் போடாம கொஞ்சம் எடுத்து வச்சீகளா?” என்றாள். எடுத்து வைத்திருந்தேன். அவள் சாப்பிட்டுப் பார்த்து, “உப்பு சரியா இருக்கு” என்றாள். அந்த விஷயத்தைப் பற்றி இன்றுவரை அவள் வேறெதுவும் சொன்னதில்லை.

மறுநாள் மாலையும் நான்தான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். அதற்கு அடுத்த நாளும். யாரும் ஆணை போடவில்லை. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அவளுடையவை. ராத்திரிச் சாப்பாடு என்னுடையது. பணி ஓய்வு பெற்ற நாளன்றுகூட, கழுத்தில் விழுந்த மாலையோடு வந்து ரவை வறுத்தேன். அவள் எழுந்து வந்து தடுத்ததில்லை. அதை நான் மன்னிப்பு என்றும் எடுத்துக்கொள்ளவில்லை, மறுப்பு என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. நிலுவை என்று வைத்திருக்கிறேன்.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பார்த்தால் பிள்ளைகள் என்ன மெஷின் என்று கேட்பார்கள். டப்பாக்கள் துருப்பிடித்துப் போயின. இன்லண்ட் கடிதங்களை ஒரு மழைக்காலம் தின்றது. காதர் கம்பத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், காது மந்தம். போனில் “சேட்டா, சாப்டாச்சா?” என்று அவர் கத்த, நானும் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் ஆச்சு என்கிறார். இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. போகிற வயதுதான் அவற்றுக்கு.

போனதில் ஒன்று மட்டும் வேறு. கடமலைக்குண்டுக்கு வந்த பிறகும் விஜயா தன் வகுப்பை விடவில்லை. மாலையில் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது வருகைப் பதிவேட்டை மனப்பாடமாக வாசிப்பாள். அஞ்சலை, அமுதா, இருளப்பன், ஏசுதாஸ் என்று கடலோரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒரு பெயருக்கு ஒரு வாய். பெயரைச் சொன்னதும் குழந்தை “ளேன்” என்று கையைத் தூக்கும். உள்ளேன் என்பதில் அதற்கு அவ்வளவுதான் வந்தது. சோற்றை வாங்கிக்கொண்டு அடுத்த பெயருக்குக் காத்திருக்கும். அப்போது விஜயாவின் குரல் அந்தச் சின்ன அறைக்குப் பொருந்தாத பெரிய குரலாக இருக்கும். கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். குழம்பைக் கிளறியபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மாறுதல் வந்துவிடும், ராஜினாமா மேலிடத்தில் ஏற்கப்படுமுன் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே நம்பினோம். அதற்கான கடிதத்தைக்கூட நான் எழுதி வைத்திருந்தேன்.

ராஜினாமா ஏற்கப்பட்ட தகவல் முதலில் வந்தது. பதினோரு நாள் கழித்து, ஒரு மத்தியானம், பழுப்பு உறையில் மற்றது வந்தது. விஜயாவுக்குக் கேட்டபடியே மாறுதல் அளிக்கப்படுகிறது. எங்கள் தெருமுனையிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள பள்ளிக்கூடம். அவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள். ஏற்கப்பட்ட ராஜினாமாவைத் திரும்பப் பெற வழியுண்டா என்று அவள் கேட்கவில்லை. அவள் யாரிடம் கேட்பாள்? எனக்குத் தெரியாமல் ஒரு வழி இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அன்று விசேஷ நாள். சாயங்காலம் புளிச்சாதமும் தேங்காய்ச்சாதமும் கிளறினேன். விஜயா குழந்தையை மடியில் வைத்து ஊட்ட உட்கார்ந்தாள். முதல் வாயை எடுத்தாள். பெயர் வரவில்லை. குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. கொஞ்சம் பொறுத்துவிட்டு, தானாகவே கையைத் தூக்கி “ளேன்” என்றது. அவள் ஊட்டினாள். அடுத்த வாய்க்கும் “ளேன்”. அதற்கடுத்ததற்கும். யாரும் கூப்பிடாத பெயர்களுக்கெல்லாம் அது ஒன்றே ஆஜர் சொல்லிச் சொல்லி, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர்களை நான் கேட்டதே இல்லை. மாறுதல் ஆணை வந்து சேர்ந்த தேதி, ஆடி பதினெட்டு.