ஓரத்தைப் பிடிக்கும் அக்கா

"ஓரத்தைப் பிடிங்க, ஓரத்தை! மூஞ்சியில கை வைக்காதீங்க. உங்க மூஞ்சியில ஒருத்தர் கட்டை விரலை வெச்சு அழுத்தினா சும்மா இருப்பீங்களா?"

உயரமான அந்த வாடிக்கையாளர் பதறிப்போய், உள்ளங்கையில் கிடந்த வெள்ளி நாணயத்தை நண்டைப் பிடிப்பதுபோல இரண்டு விரல்களால் தூக்குகிறார். அதற்குள் அக்கா தன் இரண்டு கைகளையும் துண்டில் துடைத்தாயிற்று. மேசைக்கு அடியில் காலை நீட்டி, எதிர்ப்பக்கத்து நாற்காலியை ஒரு தள்ளு தள்ளி, "உக்காந்து பேசுங்க" என்றும் சொல்லியாயிற்று.

பழைய நாணயங்களையும் தங்கம், வெள்ளிக் கட்டிகளையும் வாங்கி விற்கும் கடை அது. அக்கா அங்கே நாணய மேசையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உண்டு. மற்ற எல்லோருக்கும் அவர் ஓரம் அக்காதான். முன்பெல்லாம் அந்தக் கடையில் வாடிக்கையாளர் உட்கார இடமே கிடையாது. ஒருநாள் அக்கா முதலாளியிடம் போய் நின்றார். "வாங்க வர்றவங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு வர்றாங்க. விக்க வர்றவங்க பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வர்றாங்க. இதுல யாருக்கு முதல்ல நாற்காலி போடணும், நீங்களே சொல்லுங்க." மறுநாள் இரண்டு நாற்காலிகள் வந்து இறங்கின.

தராசின் எண் தெரியும் பக்கத்தை அவர் எப்போதும் வாடிக்கையாளரைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார். எடையைப் பார்க்க அவர்தான் கொக்குபோல் கழுத்தை வளைக்க வேண்டும். அதனால் கழுத்து வலி. பேருந்து ஓட்டும் கணவர் வாரத்தில் மூன்று நாளாவது தைலம் தேய்த்துவிடுகிறார். ஒருவர் கொண்டுவந்த பொருளை அவர் பார்வையிலிருந்து மறைத்து உள்ளே எடுத்துப் போகவும் மாட்டார். போலி என்ற சொல்லும் அவர் வாயில் வராது. ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர், தனக்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தை விற்க வந்தபோது அக்கா இப்படித்தான் சொன்னார்: "ஐயா, இது பித்தளை வீட்டுப் பிள்ளை. தங்கச் சட்டை போட்டுக்கிட்டு இத்தனை வருஷமா உங்களை ஏமாத்தியிருக்கு." வாத்தியார் ஒரு கணம் திகைத்தார், பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வீட்டிலும் அக்கா தட்டு, பிஸ்கட், புகைப்படம் என எல்லாவற்றையும் ஓரத்தில்தான் பிடிப்பார். "ஏன் அண்ணி, எங்க அண்ணனையும் ஓரமாத்தான் பிடிப்பீங்களோ?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள். "உங்கண்ணன் தேஞ்ச காசு. எப்படிப் பிடிச்சாலும் ஒண்ணுதான்" என்றார் அக்கா. அண்ணன் தைலப் புட்டியோடு எழுந்து போய்விட்டார்.

இப்படி எதையும் ஒளிக்காத அக்காவுக்கு ஒரே ஓர் ஒளிவு உண்டு. அது மேசையின் அடி இழுப்பறை. அதன் சாவி அவர் கைக்குட்டை முனையில் முடிந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதலாளி வெளியூர் போயிருந்தார். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில், தட்டில் கறுத்துக் கிடந்த இருபத்திரண்டு வெள்ளி நாணயங்களையும் அக்கா பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிவைத்தார். பழைய வெள்ளியில் படியும் கருப்பு அழுக்கல்ல, அதுதான் அதன் தோல் என்பது அவருக்குத் தெரியாது. தோலை உரித்த நாணயத்தை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார். வெறும் வெள்ளியின் எடைக்குத்தான் போகும். திரும்பி வந்த முதலாளி அரை மணி நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "உருக்க வேணாம், நீயே பத்திரமா வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். அன்று பூட்டிய இழுப்பறையை அக்கா யாருக்கும் திறந்து காட்டியதில்லை. எப்போதாவது முதலாளி, "கடை இருட்டா இருக்கே, அந்த இழுப்பறையைக் கொஞ்சம் திறயேன்" என்று சீண்டுவார். அக்கா அன்று முழுக்க அவரோடு பேச மாட்டார்.

போன வாரம் ஒரு முற்பகலில், குழாய் வேலை செய்பவர் ஒருவர் கடைக்குள் வந்தார். நாற்காலி அவர் பக்கம் நகர்ந்ததும் பயந்து பின்வாங்கினார்.

"உக்காருங்கண்ணே, கடிக்காது."

உட்கார்ந்தார். ஒரே மூச்சில் கொட்டினார். "நேத்து வேற கடைக்குப் போனேன்க்கா. காசை வாங்கிட்டுத் திரைக்குப் பின்னால போனவன் கால் மணி நேரம் கழிச்சு வந்து, 'என்னய்யா, சாக்கடையில எடுத்தியா?'ன்னு மேசையில தூக்கிப் போட்டான். என் தொழில் சட்டையிலேயே எழுதியிருக்கே, அதான் அப்படிக் கேட்டான். வீட்ல போய்ச் சொன்னேன். அவளுக்கு வந்துச்சு பாருங்க கோபம்!"

காகிதத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு வெள்ளி நாணயம், நிலவுபோல் மின்னியது.

"எப்படி? என் வீட்டுக்காரியோட கைவேலை" என்றார் பெருமையாக.

அக்கா லென்ஸை அவர் கையில் கொடுத்து, தேய்த்த கோடுகளைக் காட்டினார். தோல், கருப்பு, எடை எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். அவர் முகம் வாடிக்கொண்டே போனது. அவருடைய வேன் இன்றோ நாளையோ நின்றுவிடும். வேன் இல்லாவிட்டால் குழாயும் கருவியும் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. இந்த நாணயங்களை நம்பித்தான் வேறு வண்டி பேசி வைத்திருக்கிறார்.

"இன்னும் இருக்கா?"

"ஒன்பது இருக்குக்கா. அவ இப்ப உக்காந்து தேய்ச்சுக்கிட்டிருக்கா. சாயந்திரம் மொத்தமா கொண்டாந்துடலாம்னு..."

"போனைப் போடுங்க!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. "கை ஈரமா இருக்கும். எடுக்க மாட்டா."

அக்கா இதுவரை சாப்பாட்டு நேரத்துக்கு முன் மேசையை விட்டு எழுந்ததில்லை. முதலாளியைப் பார்த்தார். முதலாளி செய்தித்தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "போயிட்டு வா. அந்த நோய்க்கு வைத்தியம் உனக்குத்தான் தெரியும்."

வேன் கிளம்பவில்லை. பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வந்து ஒரு பக்கம் தள்ள, அக்கா மறுபக்கம் தள்ளினார். "இதுக்காகத்தான்க்கா காசை விக்கிறேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கத்தினார் குழாய்க்காரர். "தெரியுது, தெரியுது, வண்டியை எடுங்க!" என்று மூச்சு வாங்கினார் அக்கா. கண்ணாடியில் மாவும் முதுகில் புகையுமாக அது ஒருவழியாகக் கிளம்பியது.

மூன்றாவது மாடி. சமையலறைத் தொட்டியருகே துண்டு விரித்து, ஐந்து நாணயங்கள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. ஆறாவது, அவர் மனைவியின் கையில். பவுடர் தூவியாயிற்று, நார் எடுக்க மறு கை நீண்டுகொண்டிருந்தது.

"தேய்க்காதீங்க! அப்படியே... ஓரத்தைப் பிடிங்க!"

"யாருங்க இது, வீட்டுக்குள்ள வந்து சத்தம் போடறது?"

அக்கா அந்தக் கையை நாணயத்தோடு சேர்த்துப் பிடித்துக் குழாய் நீரில் காட்டினார். பவுடர் வழிந்து போனது, கருப்பு தங்கியது. துண்டில் ஒற்றி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். மீதி மூன்றையும் பார்த்தார். அந்த நான்கில் மூன்று சாதாரணம். பவுடரிலிருந்து தப்பிய, கப்பல் படம் போட்ட அந்த ஒன்று மட்டும் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது.

"வேற வண்டி வராதுண்ணே. ஆனா இந்த வண்டிக்கு நல்ல எஞ்சின் வரும்."

"அது போதும்க்கா. வண்டிக்குப் பாடி நல்லாத்தான் இருக்கு" என்று குழாய்க்காரர் சுவரில் சாய்ந்தார்.

விவரம் புரிந்ததும் அவர் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா கப்பல்ல சமையல்காரர். போற துறைமுகத்துல எல்லாம் ஒரு காசு எடுத்து வெச்சாரு. ஒரு நாள்கூடத் துணி போட்டுத் துடைச்சதில்லை. நான் ஒரே காலையில..." நிறுத்தினார். "அழுக்கா கொண்டு போனா நம்மளையும் அழுக்காத்தான் பாக்கறாங்கன்னு நினைச்சேன்."

அக்கா தன் கைக்குட்டை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் கடைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே வந்தார்கள். கப்பல் நாணயத்துக்கு முதலாளி தானே எழுந்து வந்து விலை பேசினார். அக்கா ஏற்கெனவே அவர் காதில் ஒரு தொகையைப் போட்டிருந்தார், அதிலிருந்து அவர் இறங்கவில்லை. குழாய்க்காரர் அங்கிருந்தே மெக்கானிக்குக்குப் போன் செய்து, "எஞ்சினைப் பிரிச்சு வைப்பா" என்று கடை அதிரச் சொன்னார்.

அவர் மனைவி மட்டும் பையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலருகே நின்றுகொண்டிருந்தார். அக்கா தள்ளிய நாற்காலியில் கடைசியில் உட்கார்ந்தார். ஆறு பளபளப்பான நாணயங்களை எடுத்து வைத்தார்.

"இதெல்லாம் உருக்கிடுங்க. வீட்ல வெச்சா என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்குது. உலகத்துல எந்தப் பைத்தியமாவது இப்படிச் செய்யுமா?"

அக்கா கைகளைத் துண்டில் துடைத்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். குனிந்து அடி இழுப்பறையை இழுத்தபோது, இறுகிப்போன மரம் முனகியது. முதலாளி செய்தித்தாளை இறக்கினார்.

மேசைமேல் வந்த தட்டில் இருபத்திரண்டு நாணயங்கள் பளிச்சென்று சிரித்தன. தராசைத் திருப்புவதுபோல அக்கா அந்தத் தட்டைக் குழாய்க்காரர் மனைவியின் பக்கம் திருப்பி வைத்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் முகத்தின் நட்டநடுவில் தன் கட்டை விரலை நன்றாக அழுத்திப் பிடித்து, அவரிடம் நீட்டினார்.