எதிர்வீட்டு அண்ணன் இரவல் கேட்ட துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியை வாங்கப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவரின் அப்பாவுக்கு மெல்பர்னுக்கு மேற்கே ஆட்டுப் பண்ணை இருக்கிறது. அங்கே முயலும் நரியும் தொல்லை. அவர்களோடு போய் வேட்டை பழகி, நானும் உரிமம் எடுத்தேன். கடையில் பழைய துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்திருந்த வரிசையின் கோடியில் இது நின்றது. குழலில் தவிட்டு நிறத் துரு. தோளில் பதித்துப் பிடிக்கும் மரக்கட்டையில் யாரோ கறுப்புப் பெயின்டை அப்பியிருந்தார்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் வால்நட் மரத்தின் ரேகை தெரிந்தது. குழலின் உட்புறம் நன்றாக இருக்கிறது, மரத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்றார் கடைக்காரர். நான் வாங்கியதே அந்த ரேகைக்காகத்தான்.

மெல்பர்ன் புறநகரான ட்ருகனினாவில் எங்கள் வீட்டு கராஜில் வேலையைத் தொடங்கினேன். இரும்புப் பாகங்களைக் கழற்றி, உள்ளே சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, மரத்தை மட்டும் எடுத்து வருவேன். பெயின்ட் உரிக்கும் பசையின் நெடி தாங்காமல் கராஜ் கதவைப் பாதி தூக்கி வைத்திருப்பேன். அதற்குக் கீழே குனிந்துதான் எதிர்வீட்டு அண்ணன் முதல்முறை உள்ளே வந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்துக் கிடங்கு ஒன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். மனைவியும் மகளும் அவரைப் பிரிந்து சிட்னிக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வென்ட்வேர்த்வில் பக்கம் இருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

என்ன மரம் என்று கேட்டார். துப்பாக்கியின் கட்டை என்று தெரிந்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இதுகளைப் பார்த்து வெறுத்துத்தான் ஊரைவிட்டு வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார், கையில் தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோடு. உட்கார்ந்து பார்த்தார். அதற்கடுத்த வாரம் உப்புத்தாளை வாங்கித் தானே தேய்த்தார். கட்டையில் ஆழமாக ஒரு பள்ளம் இருந்தது. ஈரத் துண்டை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். நீராவி ஏறி, நசுங்கியிருந்த மரம் மெல்ல உப்பி மேலே வந்தது. அண்ணன் அதன்மேல் கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆளிவிதை எண்ணெய் பூசத் தொடங்கிய சமயத்தில் அவர் பேச்சு மாறியது. மரத்தைப் பற்றிக் கேட்பது நின்றுபோய், இரும்புப் பக்கம் எங்கே என்று கேட்டார். தோட்டா எந்தக் கடையில் கிடைக்கும் என்றார். ஒருநாள் எண்ணெய்த் துணியை மடித்தபடியே, "சாவி உங்களிட்ட மட்டுமோ தம்பி, தங்கச்சியிட்டயும் இருக்கோ?" என்று கேட்டார். தங்கச்சி என்றது என் மனைவியை. என்னிடம் மட்டும்தான் என்றேன். அவர் தலையாட்டினார்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். மனிதர்களின் முகத்தை என்னைவிடக் கூர்ந்து பார்ப்பவள். அன்று அவர் போன பிறகு சொன்னாள்: "அவர் இப்பல்லாம் மரத்தைப் பாக்குறதில்லங்க. நம்ம வீட்டுக்குள்ள பாக்குறார்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதிர்வீடு என் கண்ணில் படத் தொடங்கியது. புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. குப்பைத் தொட்டி தெருவுக்கு வரவேயில்லை. வேலை நாட்களிலும் அவருடைய கார் அசையாமல் நின்றது. ஒரு சனிக்கிழமை காலை, குளிர்காலமெல்லாம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு தூக்கிவந்து என் மனைவியிடம் கொடுத்தார். சிட்னிக்குப் போவதாகவும் இனி அதை அவளே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு கராஜுக்கு வந்தார். முகம் வழித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"தம்பி, அதை ஒரு கிழமைக்குத் தாங்கோ. சிநேகிதன்ர தோட்டத்தில நரி வருதாம்."

ஒரு வாரமென்ன, ஒரு நாளுக்குக்கூட உரிமம் இல்லாதவருக்குக் கொடுத்தால் நான் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். அவர் சிரித்தார். விளையாட்டுக்குக் கேட்டதாகச் சொன்னார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவர் பார்வை என் இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்தது.

அவர் தெருவைக் கடந்ததும் மனைவி என் முன்னால் வந்து நின்றாள். செடியைக் கையில் பிடித்தபடியே, துப்பாக்கி இந்த நிமிஷமே வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்றாள். மரத்தையும் இரும்பையும் உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாங்கி உள்ளே பூட்டினார். உடனே யாரிடமாவது சொல்லுங்கள் என்றார்.

திரும்பி வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் ஒரு பயணப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். சுவர்ப் படங்களைக் கழற்றியிருந்தார். அவர் சமையலறை மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

துப்பாக்கி இப்போது என்னிடம் இல்லை என்று முதலில் சொன்னேன். பிறகு கேட்டேன். "எதுக்குண்ணே கேட்டீங்க? உங்களுக்கா, சிட்னியில இருக்கறவங்களுக்கா?"

அவர் கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் அவளுக்கெண்டு நினைச்சன். பிறகு எனக்கெண்டு. இப்ப எனக்கே தெரியேல்ல."

ஆம்புலன்ஸையும் போலீஸையும் கூப்பிடப் போகிறேன் என்றேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. எழுந்து போய்விடுவாரோ, மேலே பாய்வாரோ என்று கதவோரமாகவே நின்றேன். அவர் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டார். வாசலைப் பார்த்துக் கையசைத்தேன். மனைவி போனைக் காதில் வைத்தாள். ஆட்கள் வரும்வரை அவர் தோளில் கை வைத்திருந்தேன்.

அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிட்னியில் அவர் மனைவி இருந்த வீட்டுக்கு அன்றே போலீஸ் போனது. துப்பாக்கிக்குக் கடைசிப் பூச்சு எண்ணெய் நான் போடவில்லை. கடைக்காரரையே விற்கச் சொல்லிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து அண்ணனின் மனைவி என்னைப் போனில் அழைத்தார். போலீஸ் மூலம் என் சம்மதம் கேட்டே தொலைபேசி எண்ணை வாங்கியிருந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவர் துப்பாக்கி கேட்பார் எண்டு எனக்குத் தெரியும் அண்ணா," என்றார் கடைசியில். "ஆரிட்டக் கேட்பார் எண்டுதான் தெரியாமல் இருந்தது. அதுக்குத்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டனான்."

அண்ணன் இப்போது வேறு மாநிலத்தில் தன் தமையனோடு இருந்து சிகிச்சை எடுத்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணும் மகளும் மறுபடி வீடு மாறிவிட்டார்கள். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று நானும் கேட்டுக்கொண்டேன்.