ரோஸ்மேரி கொட்டிய செம்மண்

வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீடுகளின் பின்சுவரைத் தாண்டினால் மூடிப்போன ஒரு சாயப்பட்டறை. அந்த இடத்தில் பனியன் தொழிலாளர்களுக்கு அரசாங்கமே அடுக்குமாடி வீடு கட்டித் தரப்போகிறது என்ற பேச்சு வந்த நாளிலிருந்து, என் பக்கத்து அறை ரோஸ்மேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டினால் முதல் பட்டியலிலேயே அவளுக்கும் ஒரு வீடு உண்டு. புருஷன் போன பிறகு மகள் நதியாவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வந்தவள். ஒற்றை அறை, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். சொந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும் என்பது அவள் ஆசை. இதில் பேராசை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆனால் பட்டறை இருந்த இடம் என்பதால், கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டுமாம். சோதிப்பதற்கு மட்டும் அரசாங்கம் தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தது. மண்ணைப் பார்க்கவும் ஒரு பட்ஜெட்டா என்று லைனில் எல்லோருக்கும் சிரிப்பு.

ரோஸ்மேரி சிரிக்கவில்லை. பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவு. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் வருகிற அன்று நல்ல பீஸ்களைப் பெட்டியின் மேலே அடுக்கி வைக்க இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வாரவுக கண்ணுக்கு மேல உள்ளதுதான தெரியும்? மேல நல்லா இருந்தாப் போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல், அவிநாசிப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து டிராக்டரில் செம்மண் வரவழைத்தாள். சட்டியும் மண்வெட்டியுமாக லைனே இறங்கியது. கடைசி அறை ராமுத்தாய் தண்ணீர் தெளித்துக் கோலமே போட்டுவிட்டாள். சாயப்பட்டறை கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது.

சோதனைக்கு வந்த அதிகாரி தேவிப்பிரியா கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்தார். செம்மண்ணைச் செருப்பு நுனியால் லேசாகக் கிளறினார். "மண்ணு ரொம்ப நல்லா இருக்குதுங்க. யாரு கொட்டுனது?" என்று கேட்டார். நாங்கள் ஆளாளுக்கு வேறு திசையைப் பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டே துளை போடும் வண்டியைக் கைகாட்டி அழைத்தார்.

தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டி மாதிரி இல்லை அது. குழாயை இறக்கி, மண்ணைக் கலைக்காமல் நீளமாக அப்படியே வெளியே எடுத்தது. எடுத்ததைத் தகரத் தட்டில் கிடத்தினார்கள். மேலே ஒரு சாண் எங்கள் செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறம். அதற்கும் கீழே கருநீலம். அடுத்த குழாயில் ரோஜா நிறம், கிளிப்பச்சை, மறுபடியும் நீலம். இறங்க இறங்க நிறம் வந்துகொண்டே இருந்தது. பட்டறை மூடி எவ்வளவு மழை பெய்திருக்கும், ஒன்றுகூட வெளுக்கவில்லை. நான் வாங்கும் நைட்டியின் சாயம் இரண்டு துவைப்புக்குத் தாங்குவதில்லை.

எந்தெந்தத் தேசத்துப் பிள்ளைகளோ போட்டுக் கிழித்து எறிந்த சட்டைகளின் நிறமெல்லாம் இங்கே, எங்கள் காலுக்கடியில், பத்திரமாக இருந்திருக்கிறது. பயமும் இருந்தது. பயத்தைவிட மலைப்புதான் பெரிதாக இருந்தது. இவ்வளவையும் விழுங்கிவிட்டு இந்தப் பூமி ஒரு வார்த்தை சொல்லாமல் கிடந்திருக்கிறதே. ராமுத்தாய் அந்தத் தட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இப்போதைக்கு இங்க வீடு கட்ட முடியாதுங்க. மொதல்ல இதையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணோணும். வருசக்கணக்காகும்" என்றார் தேவிப்பிரியா.

ரோஸ்மேரி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் லைன் வீடுகளின் சொந்தக்காரர் கந்தப்பனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நல்ல மனுஷர். அவளுக்கு ஆறுதல் சொல்ல முன்னால் வந்தார்.

"விடு கண்ணு. நம்ம லைன் ஊடு இருக்குதல்ல? அதுவும் பட்டறைக்காரங்களோட எடந்தான். நான் வாங்கறப்ப பெரும் பள்ளமாக் கெடந்துச்சு. நல்ல செம்மண்ணாக் கொட்டி மேடாக்கித்தான் கட்டியிருக்கறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எல்லோரும் சுவருக்கு அந்தப்பக்கம் தெரிந்த எங்கள் கூரைகளைப் பார்த்தோம்.

ரோஸ்மேரி நேராக தேவிப்பிரியாவிடம் போனாள். "மேடம், அந்த மெஷினை எங்க வீட்டு வாசல்லயும் ஒருக்கா எறக்கிப் பாப்பீங்களா?"

"ஒட்டியிருக்கற எடத்தையும் பாக்கத்தான் பணம் குடுத்திருக்காங்க. ஆனா எடத்துக்காரர் சரின்னு சொல்லோணும்."

கந்தப்பன் குனிந்த தலை நிமிராமல் நின்றார். அந்த வாடகையில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. கடைசியில், "பாருங்க" என்றார்.

வண்டி சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. சிமெண்டுத் தரை உடைந்தது. முதலில் கல்லும் சல்லியும் வந்தன. பிறகு செம்மண், நல்ல செம்மண். எல்லாச் சாமியையும் நான் வேண்டிக்கொண்டேன். அடுத்த குழாயில் கிளிப்பச்சை.

ரோஸ்மேரி அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தரையில் விரித்துக் கிடந்த நதியாவின் பாயைச் சுருட்டி வெளியே எடுத்து வந்தாள்.