நெழல்ல காய வேண்டிய பொடி

மூத்திரத்துல இருந்து உரம் எடுக்குறது என் தொழில். அதனால பஸ்ல எனக்கு எப்பவும் ரெண்டு பேர் எடம் கிடைக்கும். கோச்சடையில ஒரு சின்னக் கூடம். லாட்ஜு, கல்யாண மண்டபத்துல இருந்தெல்லாம் கேன்ல வரும். உப்பளத்துல மிஞ்சுற கசப்புத் தண்ணிய அதுல ஊத்திக் கலக்கினா அடியில வெள்ளப் பொடி தங்கும். பயிருக்கு வேணுங்கிற மணிச்சத்து, அதான் பாஸ்பரஸு, அதுலதான் இருக்கு. வடிகட்டி நெழல்ல காய வச்சா உரம்.

ஆறு வருசமா நான்தான் கலக்குறேன். வாடிப்பட்டியில ரெண்டாவது கூடம் வருது, பொறுப்பாள் ஒருத்தர் வேணும்னு கூடத்த நடத்துற மேடம் சொன்னப்ப, மனசுக்குள்ள அங்க ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டுட்டேன். எட்டு மாசம் முன்னாடி சேந்த செல்வத்த நான் நெனச்சே பாக்கல. உங்க வேலையிலயும் ஒரு செல்வம் இருப்பான்.

ஆசிட்டு

ஆரப்பாளையத்துல ஒரு லாட்ஜுல கக்கூஸ ஆசிட்டு ஊத்திக் கழுவுவாங்க. ஆசிட்டு கலந்துட்டா நாள் முழுக்கக் கலக்கினாலும் பொடி தங்காது. மேனேஜர்கிட்ட நாலு தடவ போய்ச் சொன்னேன். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்ச கெமிஸ்ட்ரி அம்புட்டையும் வெளக்கினேன். ஒண்ணும் நடக்கல.

செல்வம் ஒரே ஒரு நாள் போனான். டீ குடிச்சான், அவரு மக படிப்பப் பத்தி விசாரிச்சான், வந்துட்டான். மறுநாள்ல இருந்து ஆசிட்டு இல்ல. அடுத்த வாரம் நான் போனப்ப மேனேஜர் சொன்னாரு: "இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே."

தாம்பாளம்

விவசாயிங்க கொஞ்சப் பேர் கூடத்தப் பாக்க வந்தாங்க. நான் தொட்டியக் காட்டி முக்கா மணி நேரம் பேசினேன். ரெண்டு பேர் கொட்டாவி விட்டாங்க. செல்வம் ஒரு தாம்பாளத்துல பொடியக் குவிச்சு முன்னாடி நீட்டினான். மொத ஆளா நின்ன பெருசு அதத் தொட்டு நெத்திக்குக் கொண்டு போயிட்டாரு. பூசட்டும், செல்வம் மாட்டட்டும்னுதான் நான் பேசாம நின்னேன்.

அவன் சட்டுனு கையப் பிடிச்சு, எதுல இருந்து எடுத்ததுன்னு காதுல சொன்னான். பெருசு சிரிச்ச சிரிப்புல பக்கத்துல நின்ன மேடமும் சிரிச்சாங்க. நான் பேசி அவங்க சிரிச்சதே இல்ல. பெருசு சொன்னாரு: "பூசினாத்தான் என்னப்பா, எல்லாம் நம்ம ஊர்க்காரன் குடுத்ததுதான."

தகரம்

வாடிப்பட்டி பேச்சியம்மாக்கா தன் அரை ஏக்கர் நெல்லுக்கு நம்ம பொடியப் போட ஒத்துக்கிட்டாங்க. பொடிய ஏற்பாடு பண்றது செல்வம் பொறுப்பு. அந்த வயலு நல்லா வந்தா பொறுப்பாளும் அவன்தான்னு மேடம் சாடையாச் சொல்லிட்டாங்க.

ரெண்டு நாள் மழையில பொடி காயல. மூணாம் நாள் வெயில் அடிச்சதும் செல்வம் அம்புட்டையும் தகரத்து மேல பரப்பிட்டான். நம்மூரு வெயில்ல தகரம் தோசக்கல்லு மாதிரி. அந்தச் சூட்டுல பொடியில இருக்க தழைச்சத்து, பயிரப் பச்சையா வைக்கிறது, அமோனியாவாப் பறந்துரும். மூக்கு எரிஞ்சுச்சு. நெழலுக்கு எடுடான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். சொல்லல. பயிரு வெளுத்தா அவன் மொகமும் வெளுக்குமுல்ல. என்ன வாடைன்னு அவனே கேட்டான். கேன் மூடி தெறந்திருக்கும் மாப்ளன்னேன். ஓடிப் போய் எல்லா மூடியையும் இறுக்கிட்டு வந்து சொன்னான்: "பாவம்ணே, பக்கத்து வீட்டுக்காரவுக சாப்புடுற நேரம்."

கிடை

நெல்லு வெளுத்திருக்கும், பாத்துட்டு வருவோம்னுதான் மேடத்தோட வாடிப்பட்டிக்கு நானும் போனேன். வயலு கருகருன்னு நின்னுச்சு, தூருக்குத் தூரு கெட்டி. விசாரிச்சா, உழவுக்கு முன்னாடி பேச்சியம்மாக்கா அங்க ஆட்டுக்கிடை போட்டிருக்காங்க. ராத்திரியெல்லாம் படுத்த ஆடுக போட்ட புழுக்கையே தழைச்சத்தக் குடுத்துருச்சு. மண்ணுல இல்லாதது மணிச்சத்து மட்டும். அது நம்ம பொடியில இருந்துச்சு, அத வெயிலு தொடாது. நானும் படிச்சதுதான், பொறாமையில மறந்துட்டேன்.

வரப்புலயே மேடம் புதுக் கூடத்துச் சாவியச் செல்வத்துக்கிட்டக் குடுத்தாங்க. வாங்கினவன் என் பக்கம் கையக் காட்டினான்: "பொடி காயறப்ப அண்ணன் பக்கத்துலயே நின்னாரு மேடம், தப்பா இருந்தா அவரு சொல்லாம விடுவாரா?"

ஆறு வருசத்துல மேடம் முன்னாடி ஒருத்தன் என்னையப் புகழ்ந்தது அந்த ஒரு தடவதான், அப்பவும் நான் குனிஞ்சு செருப்புல இருந்த சேத்தத் தொடச்சுக்கிட்டு நின்னேன்.