அபின் நிறுத்திய பேதி

விடாத கொட்டாவிதான் முதலில் வந்தது. தறிக்குழியில் உட்கார்ந்திருந்தேன். மூக்கு ஒழுகியது, ஆடிப் புழுக்கத்திலும் உடம்பு புல்லரித்தது. மதியத்துக்குள் பேதி பிடுங்கிக்கொண்டது. அபினை விட்டு அன்றைக்கு இரண்டாம் நாள்.

அது உலகச் சண்டை நடந்த காலம். நெசவு நெய்கிற எங்கள் திருத்தணித் தெருவில் அபின் என்றால் கைமருந்து. சீதபேதிக்குக் கடுகளவு விழுங்கினால் நின்றுவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பேதி நின்றது, நான் நிறுத்தவில்லை. குழியில் உட்கார்ந்து வந்த இடுப்பு வலியும் பறந்துபோனதே! கடுகு மிளகானது, மிளகு கடலையானது.

இதற்கு முன்பு மூன்று முறை மலைக்குப் போய் மொட்டை போட்டு, விடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். மூன்று முறையும் இரண்டாம் நாள் பேதி. என் மனைவி ராஜம்மா பதறிவிடுவாள்.

"ஐயோ, உயிரு போய்கினு கீதே! கொஞ்சூண்டு போட்டுக்கோங்க, நிக்கட்டும்!"

போட்டுக்கொள்வேன். பேதி நிற்கும், சத்தியமும் அதோடு சரி. சாமிக்கு என்மேல் கோபம் என்றே இருவரும் நம்பினோம். எப்பேர்ப்பட்ட முட்டாள்கள்!

இந்த நான்காவது முறை அவள் அபின் டப்பாவைத் திறக்கவில்லை. ரயிலேற்றி அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"புள்ள பொறக்கறதுக்குள்ள இவரு எனக்கு ஆளா வேணுங்க."

டாக்டர் முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வுட்டா பேதி, துன்னா நிக்குது. நாலு வாட்டி ஆயும் சந்தேகமே வரலியா? சாமி குத்தம் இல்லீங்க. அபின் கொடலைக் கட்டிப்போடுது. அதையும் மீறி ஓட ஒடம்பு பழகிடுச்சு. கட்டை அவுத்ததும் தலைதெறிக்க ஓடுது."

இதுதான் விலகல் நோய் (பழகிய போதை நின்றதும் உடம்பு படும் பாடு) என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. பெயருள்ள நோய்! அப்படியானால் முடிவும் உண்டு!

"தெருவுல அல்லாரும்தான் துன்றாங்க. நான் மட்டும் ஏங்க மாட்டிக்கினேன்?"

"வூட்ல யாருக்காவது பழக்கம் உண்டா?"

"ஆங், எங்க நைனாவுக்கு."

அப்பா வழி வந்தது ஒன்று, தீராத வலி ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில் டப்பா ஒன்று, மூன்றும் சேர்ந்துதான் மாட்டிவிட்டன என்றார். தாய்மார்கள் தறியில் உட்காரும்போது அழாமலிருக்கப் பிள்ளை நாக்கில் அபின் தடவுவார்களே, அதுவும் தப்பா என்று ராஜம்மா கேட்டாள். "தடவவே கூடாதும்மா, மூச்சு நின்னுடும்" என்றார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

திடீரென விடாமல், அவர் சொன்ன அளவில் மறுபடி தொடங்கி நாளுக்கு நாள் குறைத்தோம். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். கால்கள் பாயிலேயே தறி மிதித்தன. ராஜம்மாவைக் கண்டபடி திட்டினேன், டப்பாவைக் கேட்டுக் கெஞ்சினேன். அவள் அசையவில்லை.

பிறகு ஒருநாள் பசித்தது! கஞ்சி மணத்தது! முன்பெல்லாம் ஒரு உருண்டையிலிருந்து அடுத்த உருண்டை வரைதான் என் நாள். இப்போது காலை, உச்சி, சாயங்காலம் எல்லாம் தனித்தனியாக வந்தன. அடேயப்பா, ஒரு நாளில் எவ்வளவு நேரம்!

ஐப்பசியில், மகள் பிறந்த பின், மறுபடி பேதி வந்தது. ராஜம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மறுபடியும் துன்னீங்களா?"

"உம்மேல சத்தியமா இல்ல."

மோர் கொடுத்தாள். கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. கொட்டாவி வரவில்லை, மூக்கு ஒழுகவில்லை. மூன்றாம் நாள் பேதி தானாகவே நின்றது.

வெறும் பேதி! ஊரில் எல்லாருக்கும் வந்து போகிற பேதி! ராஜம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுத் தறிக்குப் போனாள்.