தபால் பெட்டியில் இல்லாத பெயர்

ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் வாசம் என் கேள்வித்தாள்களில் அப்படியே ஏறியிருக்கும். பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து அலுவலகம் போய்ப் பையைத் திறந்தால் மேலாளர் மூக்கைச் சுளிப்பார்... நான் வேண்டுமென்றே அவர் மேசையில்தான் வைப்பேன்.

அது என் முதல் வேலை. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இலவச அழைப்புக் கடிதம் அனுப்பியும் நம் பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஒரு ஆய்வு. விடையை முதலே எழுதி வைத்திருந்தார்கள். "ஆர்வமின்மை, கலாசாரத் தயக்கம்." நான் போய்க் கட்டங்களில் புள்ளடி போட்டால் போதும்.

வராதவர்கள் பட்டியலில் மலர் அக்காவும் இருந்தார். உணவகச் சமையலறையில் வெங்காயம் உரித்தபடி என் கேள்வியைக் கேட்டவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ரை அம்மா இந்தப் புற்றுநோய் வருத்தத்திலைதான் போனவா. எனக்கு விருப்பமில்லையாமோ? ஒரு கடிதமும் வரேல்லை, பிள்ளை."

இரண்டு முறை அனுப்பியதாகத் தாளில் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. லீவு நாளில் ரயிலேறிப் புறநகரான வில்லியே லே பெல்லில் அவர் வீட்டுக்குப் போனேன்.

மாடிக் கட்டடத்தின் கீழே தபால் பெட்டி. அதில் கணவரின் பெயர் மட்டும்!

நம் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே... அக்காவின் கடிதம் அவருடைய அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு வரும். அந்தப் பெயர் பெட்டியில் இல்லாததால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்த கடிதத்தை யாரோ "மறுத்தவர்" என்று பதிந்துவிட்டார்கள்.

"மற்றதெல்லாம் இவரின்ரை பேரிலைதானே வாறது, நான் யோசிக்கேல்லை" என்றார் அக்கா.

விலை ஒட்டும் ஸ்டிக்கரில் அவர் முழுப்பெயரை எழுதி அன்றே ஒட்டினோம்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். "ஒரு தபால் பெட்டியை வைத்துக் கொள்கையைக் குறை சொல்ல முடியாது" என்றார் மேலாளர். எனக்கு இரத்தம் கொதித்தது. அக்காவின் தாளில் "ஆர்வமின்மை" கட்டத்துக்குக் குறுக்கே பேனையால் எழுதிக் கொடுத்தேன்: "இவர் மறுக்கவில்லை. இவருக்கு அழைப்பே கிடைக்கவில்லை."

என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போகட்டும்!

அடுத்த கடிதம் அக்காவின் கைக்கே வந்தது. பரிசோதனைக்குப் போனார். சின்னதாய் ஒரு கட்டி இருந்ததாம்... நேரத்தோடு எடுத்துவிட்டார்கள்.

இன்று இப்படிப்பட்ட கொள்கைகளைக் கேள்வி கேட்பதுதான் என் தொழில். கடிதம் போய் இப்போது அழைப்பெல்லாம் ஃபோனுக்கு வருகிறது. போன வாரம் ஒரு புது அறிக்கை கையில் கிடைத்தது. அதே "ஆர்வமின்மை".

உடனே அக்காவுக்கு ஃபோன் அடித்தேன். "அக்கா, பரிசோதனைக்கு மெசேஜ் வந்ததோ?"

"இல்லையடி. அங்கை குடுத்த நம்பர் மகன்ரை எல்லே. அவன் இதெல்லாம் பாக்கிறவனே?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அன்று ஒரு கட்டத்துக்குக் குறுக்கேதான் எழுத முடிந்தது. இந்த முறை, அறிக்கையின் முதல் பக்கத்திலிருந்தே குறுக்கே எழுதத் தொடங்கிவிட்டேன்.